நாலு பாடமா, மூன்று பாடமா: ஏ லெவல் பற்றி இரண்டு வருஷக் குறிப்புகள்

26 ஆகஸ்ட் 2023

இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதுவது ஜிசிஎஸ்இ, அதில் ஒன்பதுதான் உச்ச கிரேடு. அதற்குப் பிறகு சிக்ஸ்த் ஃபார்ம் என்ற இரண்டு வருஷப் பள்ளிப் படிப்பில் எழுதுவது ஏ லெவல். லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்:

"அக்கா, பையனுக்கு வியாழக்கிழமை ஜிசிஎஸ்இ ரிசல்ட் வந்தது. ஆறு பாடத்தில் ஒன்பது, மூன்றில் எட்டு, இங்கிலீஷில் மட்டும் ஏழு. டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறான். பயாலஜி, கெமிஸ்ட்ரி, மேத்ஸ் எடுத்தாயிற்று. நாலாவதாக ஃபிசிக்ஸும் எடு என்று நாங்கள் சொல்கிறோம். பள்ளியில் மூன்று போதும் என்கிறார்கள். நம்ம பிள்ளைகளைக் குறைத்து எடை போடுகிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

எடுக்கட்டும் என்பேன். என் மகளுக்கும் அதே வியாழக்கிழமைதான் ரிசல்ட். மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ் என்ற கூடுதல் உயர்கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி என்று நாலையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். சிக்ஸ்த் ஃபார்ம் சேர்க்கை மேசையில் இருந்த அம்மாவும் "மூன்று போதுமே" என்று இழுத்தார். நான் சிரித்துக்கொண்டே பேனாவை வாங்கிக்கொண்டேன்.

1997-இல் கோவில்பட்டியில் ப்ளஸ் டூ முடித்தவள் நான். தமிழ், இங்கிலீஷ், கணக்கு, ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி. ஆறு பாடம், 1200 மார்க். தெருவிளக்கில் படித்தோம் என்று கதைவிட மாட்டேன், வீட்டில் ட்யூப் லைட் இருந்தது. ஆனாலும் ஆறு படித்தவர்களுக்கு நாலு ஒரு பெரிய விஷயமா? பதினாறு வயதில் மூன்றே மூன்று பாடம் என்றால் மீதி நேரத்தில் என்ன செய்யும் பிள்ளை?

முதல் வருஷ மார்க்கும் சேர்த்துக்கொள்வார்கள். பிடிக்காத பாடத்தை அங்கேயே, ஏஎஸ் என்ற முதல் வருஷச் சான்றிதழோடு முடித்துக்கொள்ளலாம். பயப்படாதீர்கள்.

27 ஆகஸ்ட் 2023

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. கூட வேலை பார்ப்பவர் படித்துவிட்டு ஃபோன் செய்தார்.

இங்கிலாந்தில் 2015 முதல் ஒவ்வொரு பாடமாக மாற்றிவிட்டார்கள், கணக்கு 2017-இல் மாறியது. இப்போது இரண்டு வருஷம் படித்ததையும் கடைசி மே, ஜூனில் மொத்தமாக எழுத வேண்டும். ஏஎஸ் தனியாக எழுதினாலும் அந்த மார்க் ஏ லெவலில் சேராது. நிறைய பள்ளிகள் அதை நடத்துவதையே விட்டுவிட்டன. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் மட்டும் பழைய வழக்கம் நிற்கிறது, ஏ லெவல் மார்க்கில் 40 சதவீதம் ஏஎஸ்ஸிலிருந்து வருகிறது. கார்டிஃபில் இருப்பவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஸ்காட்லாந்தில் ஏற்பாடே வேறு.

ஆகவே பாதியில் விடலாம் என்று நான் சொன்னது பாதிதான் சரி. விடலாம். விட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

9 செப்டம்பர் 2023

மகளுக்கு முதல் வாரம் முடிந்தது. பாடத்துக்கு வாரம் ஐந்து மணி நேர வகுப்பு. ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரமாவது வீட்டில் உட்கார வேண்டும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நாலு பாடம், இருபது மணி, இன்னொரு இருபது மணி. என் ஆபீஸ் ஒப்பந்தத்தில் முப்பத்தேழரை மணி நேரம்தான் எழுதியிருக்கிறது.

மூன்று பாடக்காரர்களுக்கு டைம்டேபிளில் நிறைய ஃப்ரீ பீரியட். அதில் லைப்ரரியில் உட்கார்ந்து வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டு வருகிறார்கள். இவளுக்கு வாரத்துக்கு ஐந்துதான் தேறும், அதிலும் ஒன்று வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். அந்த நேரத்தில் யார் படிப்பார்கள்?

யூனிஃபார்ம் இல்லை, ஆபீஸ் உடை வேண்டும் என்கிறார்கள். கறுப்பு ஷூ வாங்க மட்டும் இரண்டு சனிக்கிழமை போயிற்று.

14 அக்டோபர் 2023

கெமிஸ்ட்ரி முதல் டெஸ்ட். 41 சதவீதம். ஜிசிஎஸ்இயில் எட்டு வாங்கியவள்.

நான் கத்தினேன் என்பதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் எழுதுவாள். கத்தி முடித்த பிறகு தாளைக் கேட்டேன். டைனிங் டேபிளில் விரித்தாள். புரோமோஈத்தேனுடன் ஹைட்ராக்சைடு அயனி வினைபுரிகிறது. வருவது எத்தனால். அது எனக்கே தெரியும், இருபத்தாறு வருஷம் கழித்தும். ஆனால் கேள்வி, எலக்ட்ரான் ஜோடி எங்கே கிளம்பி எங்கே போகிறது என்று வளைந்த அம்பு போட்டுக் காட்டச் சொல்கிறது. இவள் ஆக்சிஜன் மேல் இருக்கும் மைனஸ் குறியிலிருந்து அம்பைக் கிளப்பியிருந்தாள். தப்பு. ஆக்சிஜன் பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, அந்த ஜோடியிலிருந்து கிளம்பி, கார்பனில் போய் முடிய வேண்டும். இன்னோர் அம்பு கார்பனுக்கும் புரோமினுக்கும் நடுவில் இருக்கிற பிணைப்பிலிருந்து கிளம்ப வேண்டும். இவள் கார்பனிலிருந்தே கிளப்பிவிட்டாள். அரை சென்டிமீட்டர் தள்ளிப்போனதற்கு மார்க் போச்சு.

"இதெல்லாம் ஒரு தப்பா?" என்றேன்.

"அம்மா, எலக்ட்ரான் அங்கேதானே இருக்கு? இல்லாத இடத்திலேர்ந்து எப்படிக் கிளம்பும்?" என்றாள். அதாவது இப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் அன்றைக்குப் புரிந்திருக்கவில்லை, ப்ளஸ் டூவில் சமன்பாட்டை அப்படியே எழுதி, பக்கத்தில் வெப்பநிலை போட்டு, அடிக்கோடு இழுத்து முழு மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஹாரோ தங்கைக்கு: ஜிசிஎஸ்இயில் இருந்த பெயரேதான் இங்கேயும், ஆனால் பாடம் அது இல்லை. டெஸ்ட் வரும்வரை பிள்ளைகளுக்கும் அது தெரிவதில்லை.

21 அக்டோபர் 2023

கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டாள்.

அரையாண்டு இடைவேளைக்கு முன்னால் பாடம் மாற்ற ஒரு வாசல் திறந்திருக்கும், அதற்குப் பிறகு அனேகமாக மூடிவிடுவார்கள். கடைசி நாளுக்கு முதல் நாள் வந்து, "கெமிஸ்ட்ரிக்குப் பதிலாக ஜியாகிரபி" என்றாள். அம்பெல்லாம் புரிந்துவிட்டதே, பிறகு ஏன் என்று கேட்டேன். புரிகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றாள். கோவில்பட்டியில் இந்தப் பதிலுக்கு மதிப்பே இருந்ததில்லை.

ஜியாகிரபியா? நானும் விடவில்லை. முன்னணிப் பல்கலைக்கழகங்களான ரஸ்ஸல் குரூப் "இந்தப் பாடங்களை எடுத்தால் பல கதவுகள் திறக்கும்" என்று ஒரு பட்டியல் வைத்திருந்தது ஞாபகம் வந்தது. பழைய கோப்பு ஒன்றைத் தேடி எடுத்து, பிரிண்ட் போட்டு, அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் சாப்பிட்டுக்கொண்டே விரலை வைத்துக் காட்டினாள். மேத்ஸ், ஃபர்தர் மேத்ஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் இலக்கியம், வரலாறு, மொழிகள், அப்புறம் ஜியாகிரபி. அதோடு, "அம்மா, இந்த லிஸ்டையே 2019-ல எடுத்துட்டாங்க." நானே கொண்டுவந்த சாட்சி எனக்கு எதிராகப் பேசி, அதுவும் காலாவதியான சாட்சியாகப் போயிற்று.

அம்மாவுக்கு ஃபோனில் சொன்னேன். "பூகோளமா? அதுக்கா லண்டன் போனீங்க?" நாங்கள் இருக்கும் ரெடிங் லண்டன் இல்லை என்று பதினாலு வருஷமாகச் சொல்கிறேன்.

22 அக்டோபர் 2023

தாமதமாகச் சேர்ந்ததால் ஏழு வாரப் பாடம் பாக்கி. தோழியின் ஃபோல்டரை வாங்கிவந்து படம் பிடித்துக்கொண்டிருக்கிறாள். லீவு போச்சு.

18 நவம்பர் 2023

ஆறு பாடம் படித்த பெருமையை முதல் பதிவில் எழுதினேன் அல்லவா, அதற்குப் பின்குறிப்பு.

கணக்கில் 200-க்கு 200 வாங்கினேன். பள்ளியில் மாலை போட்டார்கள். அதே ஆண்டு இன்ஜினியரிங் சேர்ந்து, முதல் செமஸ்டர் எம்-1 தாளில் அரியர் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை, அடுத்த முறை எழுதித் தேறிய பிறகுதான் சொன்னேன். 200 வாங்கியது எப்படி என்றால், ப்ளூ பிரிண்டைப் பார்த்து எந்தப் பாடத்தில் எத்தனை பத்து மார்க் என்று கணக்குப் போட்டு, புத்தகக் கணக்கு அத்தனையையும் ஐந்து முறை போட்டு. எண் மாறினால் கை நின்றுவிடும்.

இங்கே கணக்கில் ஏ கிரேடுக்கு முக்கால்வாசி மார்க்கூட வேண்டாம் என்று கேள்விப்பட்டபோது சிரித்தேன். தாளைப் போட்டுப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. இவள் பள்ளி எடுத்திருக்கும் தேர்வு வாரியத்தில் மூன்று தாள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், நூறு மார்க். இரண்டு தாள் சுத்தக் கணக்கு, மூன்றாவது புள்ளியியலும் மெக்கானிக்ஸும். ஏழாவது கேள்வியில் தொகையீடு வரும் என்று பார்த்தால் அது ஒரு தண்ணீர்த் தொட்டியின் கதையாக ஆரம்பிக்கிறது. தொகையீடு அதற்குள் எங்கேயோ இருக்கிறது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு ஞாயிறு மதியம் ரகசியமாக முதல் தாளை எழுதினேன். 58. மகளிடம் காட்டவில்லை.

20 ஜனவரி 2024

கணக்கில் ஒரு வேடிக்கை. புள்ளியியலுக்கென்று முன்கூட்டியே ஒரு பெரிய தரவுத் தொகுப்பைக் கொடுத்துவிடுகிறார்கள். இவள் எழுதும் எடெக்செல் என்ற தேர்வு வாரியத்தினுடையது வானிலை. கேம்போர்ன், ஹீத்ரோ, ஹர்ன், லீமிங், லூகார்ஸ் என்று ஐந்து பிரிட்டிஷ் நிலையங்கள், வெளியே பெய்ஜிங், பெர்த், ஜாக்சன்வில். 1987, 2015 இரண்டு வருஷத்திலும் மே முதல் அக்டோபர் வரை தினசரி வெப்பம், மழை, காற்று, மேகம். வகுப்பில் எல்லாருக்கும் இது அலுப்பு. மேகமூட்டத்தை எட்டில் எத்தனை பங்கு என்று அளப்பார்கள், அதற்கு ஆக்டா என்று பேர், பரீட்சைக்கு அது தெரிந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

இவள் எக்செல்லில் திறந்து வைத்துக்கொண்டு நேராக 1987 அக்டோபர் 16-க்குப் போனாள். அன்று விடிகாலைப் புயலில் தென் இங்கிலாந்தில் ஒன்றரைக் கோடி மரம் சாய்ந்ததாக ஜியாகிரபி வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் புத்தகத்தில் அந்த நாள் ஒரு சாதாரண வரிசையாக, மேலே 15, கீழே 17 என்று நடுவில் உட்கார்ந்திருக்கிறது. பத்து மணிக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன், பதினொன்றேகாலுக்கு வந்தாள்.

2 மார்ச் 2024

ஹாரோவிலிருந்து கடிதம். பையன் ஜனவரியில் ஃபிசிக்ஸை விட்டுவிட்டானாம். மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதியிருக்கிறார். நான்தான் கேட்க வேண்டும், எடுக்கச் சொன்னது நான்.

மருத்துவப் படிப்பு பற்றி இப்போது கொஞ்சம் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இடம் தருவது பெரும்பாலும் மூன்று ஏ லெவல் கிரேடை வைத்து. கெமிஸ்ட்ரி பெரும்பாலான இடங்களில் வேண்டும், பயாலஜியும் பல இடங்களில். நாலாவது பாடத்துக்குப் பெரும்பாலும் தனி மதிப்பு கிடையாது, அதற்குப் போகும் நேரம் மற்ற மூன்றையும் கீழே இழுக்கலாம், அவ்வளவுதான். அதற்குப் பதிலாக யூகேட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது, பன்னிரண்டாம் வருஷம், அதாவது ஏ லெவலின் முதல் வருஷம், முடிந்து வரும் கோடையில் ஜூலை முதல் செப்டம்பருக்குள் எழுத வேண்டும். பிஎம்ஏடி என்ற இன்னொன்று 2023-ஓடு நின்றுவிட்டதால் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜும் இப்போது இதைத்தான் கேட்கின்றன. விண்ணப்பம் அக்டோபர் 15-க்குள், அதிலும் மருத்துவத்துக்கு நாலு கல்லூரிதான் போடலாம். ஃபிசிக்ஸுக்குப் போகிற ஐந்து மணி நேரத்தை அங்கே கொடுத்தால் பலன் உண்டு.

இன்னொன்று. பயாலஜி மனப்பாடம்தானே என்று சென்ற மாதம் ஃபோனில் உங்களிடம் சொன்னேன், அதையும் வாபஸ் வாங்குகிறேன். ஏக்யூஏ என்ற தேர்வு வாரியத்தின் மூன்றாம் தாளில் 25 மார்க்குக்கு ஒரு கட்டுரை இருக்கிறது. இரண்டு வருஷப் பாடத்தில் எங்கெங்கேயோ இருப்பதையெல்லாம் ஒரு தலைப்பின் கீழ் கோக்க வேண்டும். மனப்பாடம் பண்ணியவர்கள் முதல் பக்கத்திலேயே தீர்ந்துவிடுகிறார்கள் என்று உங்கள் பையனே எழுதியிருக்கிறான்.

3 மார்ச் 2024

நம்ம வீட்டு நாலாவது பாடம் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கிறது, இரவு ஒரு மணி வரை.

13 ஜூலை 2024

பன்னிரண்டாம் வருஷத் தேர்வுகள் முடிந்தன. இதை வைத்துத்தான் ஆசிரியர்கள் எதிர்பார்க்கும் கிரேடு போடுவார்கள், அந்த எதிர்பார்ப்பை வைத்துத்தான் பல்கலைக்கழகங்கள் இடம் தருகின்றன. அடுத்த வருஷம் ஆகஸ்டில் வரப்போகும் நிஜ மார்க்குக்குப் பதின்மூன்று மாதம் முன்னாலேயே ஒரு நிழல் மார்க்.

மேத்ஸ் 74, ஃபிசிக்ஸ் 63, ஜியாகிரபி 81, ஃபர்தர் மேத்ஸ் 38.

சிக்கலெண்களும் மேட்ரிக்ஸும் நன்றாகவே போட்டிருக்கிறாள். தொகுத்தறி முறை நிரூபணத்தில் விழுந்தாள், அதற்குப் பிறகு நேரம் போதவில்லை. கணக்கு ஆசிரியர் ஐந்தே நிமிஷம் பேசினார். "நீ படிக்கப் போகும் எதற்காவது இது கட்டாயமா?" இல்லை. "இதைப் போடுவது உனக்குச் சந்தோஷமா?" சில சமயம். "எதை நிறுத்தினால் உன் மற்ற மூன்றும் ஒரு கிரேடு ஏறும்?" இவள் பதில் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை, ஒரு படிவத்தை மேசையில் வைத்தார்.

விட்டாள். பத்து மாத உழைப்பு, சான்றிதழில் ஒரு வரியில்லை. அன்று இரவு எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அவள் ஒன்பதரைக்கே தூங்கிவிட்டாள். இந்த வருஷத்தில் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

16 ஜூலை 2024

அவசரப்பட்டு ஃபர்தர் மேத்ஸ் வீண் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கேம்பிரிட்ஜில் கணக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு ஏ லெவலோடு ஸ்டெப் என்ற தனிக் கணக்குத் தேர்வும் எழுத வேண்டியிருக்கிறது, அவர்களுக்கு இது மூச்சுக்காற்று. இவளுக்கும் சாதாரண மேத்ஸ் இதற்குப் பிறகு லேசாகிவிட்டது. மலையில் பாதி ஏறி இறங்கியவளுக்கு மேம்பாலம் உறைக்கவில்லை.

இவளுடைய தோழி அதே நாலு பாடத்தையும் விசில் அடித்துக்கொண்டு படிக்கிறாள். ஹாக்கியும் ஆடுகிறாள். அப்படியும் பிள்ளைகள் இருக்கிறார்கள். என் வீட்டில் இல்லை.

11 ஆகஸ்ட் 2024

ஜியாகிரபி சுலபம் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் குறிப்பு. அதில் 20 சதவீதம் சொந்த ஆய்வு. குறைந்தது நாலு நாள் களப்பணி, அதற்குப் பிறகு மூவாயிரம், நாலாயிரம் வார்த்தைகளில் அறிக்கை. ஆசிரியர் தலைப்பைத் தரமாட்டார், தரவும் கூடாது.

இவள் எடுத்த கேள்வி, ரெடிங் நகரின் நடுப்பகுதி ராத்திரியில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. கட்டடமும் தாரும் பகலில் வாங்கிய வெயிலை இரவில் விடுகிற சமாச்சாரம். பார்க்க ஜோராக இருக்கிறது, செய்ய ஒரு டிரைவர் வேண்டும். நான்தான்.

நேற்று இரவு பத்தேகால் மணிக்குக் கிளம்பினோம். பிராட் ஸ்ட்ரீட், ஃபார்பரி தோட்டத்தின் வெளி கேட், கேவர்ஷம் பாலம், ஆக்ஸ்ஃபோர்டு ரோடு, கடைசியில் ப்ராஸ்பெக்ட் பார்க். ஒவ்வோர் இடத்திலும் வெப்பமானியைத் தலை அளவு உயரத்தில், கார் எஞ்சினுக்குத் தள்ளி, மூன்று நிமிஷம் பிடிக்க வேண்டும். மூன்று முறை படித்துச் சராசரி. ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் கடை மூடிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "என்னம்மா, பேய் பிடிக்கிறீங்களா?" என்று கேட்டார், சுத்தத் தமிழில். இரண்டு சமோசா இலவசம். பாலத்தில் நின்றபோது ஆற்றுக் காற்றில் எண் இறங்குவதைப் பார்த்தேன், அரை டிகிரி, முக்கால், ஒன்று. அவள் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதினாள்.

முதல் சுற்றின் எண்கள் அத்தனையும் வீண். பிராட் ஸ்ட்ரீட்டில் அளந்ததற்கும் பூங்காவில் அளந்ததற்கும் நடுவில் ஐம்பது நிமிஷம் ஓடிவிட்டது, ஊரே அதற்குள் குளிர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்து சட்னி வைத்துச் சமோசா சாப்பிடும்போது அவளே கண்டுபிடித்தாள். இன்று திரும்பப் போகிறோம், இந்த முறை போன வழியே திரும்பி வந்து இரண்டு முறை அளந்து, நடு நேரத்துக்குச் சரிக்கட்டப் போகிறாளாம். எனக்கு நாளை காலை எட்டரைக்கு மீட்டிங்.

24 நவம்பர் 2024

யூகாஸ் என்ற பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம். ஐந்து இடம் போடலாம். வானிலையியல் படிக்கப் போகிறாளாம். அந்த எக்செல் இரவிலேயே எனக்குச் சந்தேகம் இருந்தது.

இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே வானிலைத் துறை இருக்கிறது, 1965 முதல். ஐரோப்பிய வானிலை மையமும் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான். வீட்டுச் சாப்பாடு, வாடகை மிச்சம். நான் முகத்தில் எதையும் காட்டாமல் இருக்கப் பார்த்தேன். லீட்ஸை முதலில் எழுதினாள்.

படிப்புக்கு வேண்டிய பாடம் என்ன என்று பார்த்தால் முக்கியமாக மேத்ஸ், கூடவே ஃபிசிக்ஸ் இருந்தால் நல்லது. கெமிஸ்ட்ரி கட்டாயமில்லை. சென்ற வருஷம் அக்டோபரில் நான் போட்ட கூச்சல் ஞாபகம் வந்தது. அவளுக்கும் வந்திருக்கும், ஒன்றும் சொல்லவில்லை.

8 பிப்ரவரி 2025

பழைய வினாத்தாள் பற்றிக் கேட்டவர்களுக்கு. எங்கள் வீட்டில் நடப்பது இதுதான். தாளை நேரம் வைத்து எழுதுகிறாள். பிறகு விடைக் குறிப்பைப் பார்த்துப் பச்சைப் பேனாவால் திருத்துகிறாள். கணக்கு விடைக் குறிப்பில் ஒவ்வொரு வரிக்கும் முறைக்கான மார்க், விடைக்கான மார்க் என்று தனித்தனியாக இருக்கும். விடை தப்பானாலும் முறைக்கு விழும். நம்ம ஊரில் ஸ்டெப் மார்க் என்போமே, அதுதான். இதைப் புரிந்துகொண்ட பிறகு வெற்றுத்தாள் வைக்கும் பழக்கம் போயிற்று.

தப்புக்கென்று தனி நோட்டு. அதில் விடை கிடையாது, எந்த இடத்தில் தடுமாறினாள் என்று ஒரு வரி மட்டும். "கோணம் ரேடியனில் இருப்பதைக் கவனிக்கலை." "உராய்வு எந்தப் பக்கம்னு படம் போடலை." உராய்வு மட்டும் பதினோரு தடவை வந்திருக்கிறது.

அழகாக நிறம் நிறமாகக் குறிப்பெழுதுவதை முதல் வருஷம் செய்தாள், நான் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, அது படிப்பு இல்ல, காப்பி எடுக்கிறது" என்று அவளே நிறுத்திவிட்டாள். பேனா செட் தம்பிக்குப் போயிற்று.

7 ஜூன் 2025

பரீட்சை நடக்கிறது. கேட்காதீர்கள். நானும் கேட்பதில்லை. தோசை வார்க்கிறேன்.

14 ஆகஸ்ட் 2025

காலை எட்டு மணி தாண்டியதும் யூகாஸ் பக்கம் திறந்தது, கிரேடு தெரிவதற்கு முன்னாலேயே லீட்ஸ் என்று காட்டிவிட்டது. பிறகுதான் பள்ளிக்குப் போய் உறையை வாங்கினாள். மேத்ஸ் ஏ, ஃபிசிக்ஸ் பி, ஜியாகிரபி ஏ ஸ்டார்.

அம்மாவுக்கு ஃபோன். "பூகோளத்துலயா அதிகம்?" ஆமாம்மா. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "மழை எப்ப வரும்னு சொல்லுவாளா? இங்க ஆடிக்கே ஒண்ணும் பெய்யல, கேட்டுச் சொல்லு."

15 ஆகஸ்ட் 2025

ஹாரோ பையனுக்கு மூன்றிலும் ஏ, மருத்துவ இடம் கிடைத்துவிட்டதாம். அவன் அம்மா எழுதியிருக்கிறார், கூடவே ஒரு கேள்வி: பையனின் தங்கைக்கு அடுத்த வாரம் ஜிசிஎஸ்இ ரிசல்ட், நாலு எடுக்கலாம் என்கிறாள், என்ன சொல்கிறீர்கள்?

இந்த முறை நான் பதில் சொல்லப் போவதில்லை. அவளையே என் மகளுக்கு ஃபோன் செய்யச் சொல்லுங்கள். மாலை ஆறுக்கு மேல், அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருப்பாள்.

30 ஆகஸ்ட் 2025

அலமாரியைக் காலி செய்கிறோம். கெமிஸ்ட்ரிப் புத்தகம் இரண்டும் ஏழு வாரம்தான் திறந்தது, புதுசு மாதிரி இருக்கிறது. ஃபர்தர் மேத்ஸ் மூன்று, அட்டை கிழிந்தது, ஓரத்தில் பென்சில் கிறுக்கல், நிரூபண அத்தியாயத்தில் ஒரு சாம்பார்க் கறை. யாருக்கு வேண்டுமானாலும் தருகிறேன், தபால் செலவு உங்களுடையது. கேசியோ கால்குலேட்டரைத் தரமாட்டேன் என்கிறாள். வெப்பமானி என்னிடம் இருக்கிறது, சமையலறை ஜன்னலில்.